பொம்மிடியில் இறங்க வேண்டியவள்

பிற்பகல் மூன்று மணி பத்து நிமிடத்துக்குப் பொம்மிடி நிலையத்திலிருந்து சேலம் பாசஞ்சர் புறப்பட்டது. அதிலிருந்து இறங்க வேண்டிய என் மகள் இறங்கவில்லை. நான் பிளாட்ஃபாரத்தில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், அவள் கண்ணில் படாமல் நின்றுகொண்டிருந்தேன். கடைசிப் பெட்டி என்னைத் தாண்டும்போது கார்டு பச்சைக் கொடியைச் சுருட்டிக்கொண்டிருந்தார். அப்புறம் வெறும் தண்டவாளம்.

இது நடந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. மொரப்பூரில் எங்கள் வீட்டுக்கு ரயில் சத்தம் நன்றாகக் கேட்கும். இத்தனை வருஷம் அதை நான் காதில் வாங்கியதே கிடையாது. இப்போது வண்டி ஊதினால் கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றுவிடுகிறேன். எழுதிப் பார்த்தால் கொஞ்சம் அடங்குமோ என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன்.

என் மகளுக்குப் பத்தொன்பது வயது. போன தை மாதம் கல்யாணம் செய்து கொடுத்தோம். மாப்பிள்ளைக்கு லண்டனில் ரொட்டித் தொழிற்சாலை ஒன்றில் இரவு வேலை. ஒரு மாத விடுப்பில் வந்து, தாலி கட்டி, பதினைந்து நாள் எங்கள் வீட்டில் இருந்துவிட்டுப் போய்விட்டார். பாஸ்போர்ட்டும் விசாவும் வந்த பிறகு இவள் தனியாக விமானம் ஏற வேண்டும். சென்னை வரை நாங்கள் போய் ஏற்றிவிடலாம். இறங்குகிற இடத்தில்தான் சிக்கல். விமானம் போய்ச் சேருகிற நேரத்தில் அவர் வேலையில் இருப்பார். கல்யாணத்துக்கே ஒரு மாதம் எடுத்துவிட்டதால் இனி ஒரு நாள்கூட விடுப்புக் கேட்க முடியாது. விமான நிலையத்திலிருந்து ஒரு பஸ் பிடித்து, பிறகு பூமிக்கடியில் ஓடுகிற ரயிலில் ஏறி, நடுவில் ஒரு இடத்தில் வண்டி மாறி, அவர் வேலை முடிந்து வந்து காத்திருக்கும் நிலையத்தில் இவளே இறங்கிக்கொள்ள வேண்டும்.

இதை அவர் போவதற்கு முன்பே விளக்கிவிட்டார். கூடத்துச் சிமெண்டுத் தரையில் சாக்பீஸை எடுத்து உட்கார்ந்தார். நீளமாக ஒரு கோடு, அதைக் குறுக்கே வெட்டிப் போகிற இன்னொரு கோடு. கோட்டின் மேல் புள்ளிகள். புள்ளி ஒவ்வொன்றும் ஒரு ஸ்டேஷன் என்றார். மகள் பக்கத்தில் குந்திக்கொண்டு பார்த்தாள். நான் சமையற்கட்டு வாசலில் நின்று பார்த்தேன். அவர் போன பிறகும் வெகுநாள் அந்தக் கோடுகளை நான் துடைக்கவில்லை. வீடு பெருக்கும்போது அதை விட்டுவிட்டுச் சுற்றிப் பெருக்குவேன்.

பிறகு அவர் எழுதிய கடிதங்களில் ஊர் நலம் விசாரிப்பதற்கு இரண்டு வரி, மீதியெல்லாம் ரயில் சொற்கள். அங்கே எந்தப் பலகையில் என்ன எழுதியிருக்கும், ஒலிபெருக்கியில் என்ன சொல்வார்கள், சீட்டுக் கொடுப்பவரிடம் எப்படிக் கேட்க வேண்டும் என்று ஒவ்வொரு கடிதத்திலும் நாலைந்து. மகள் அவற்றை ஒரே நாளில் மனப்பாடம் செய்துவிடுவாள். நானும் கூடவே படித்தேன். நான் பழைய எஸ்.எஸ்.எல்.சி. கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தர். எனக்குத் தெரிந்த ஆங்கிலமெல்லாம் சுற்றறிக்கை ஆங்கிலம். ‘பார்வையில் கண்ட கடிதத்தின்படி’ என்பதை எப்படி எழுதுவது என்று கேட்டால் சொல்லிவிடுவேன். ‘இந்த வண்டி எங்கே போகிறது’ என்று வாயால் கேட்டதில்லை. ஆனாலும் என் பெண் போய் நிற்கப்போகிற இடத்தின் சொற்கள் எனக்குத் தெரியாமல் இருக்கக் கூடாது என்று ஒரு வேகம்.

காலையில் அடுப்பை மூட்டும்போதே ஆரம்பித்துவிடுவோம்.

"சிங்கிள்னா?"

"ஒரு தடவை போறதுக்கு."

"ரிட்டர்ன்னா?"

"போயிட்டுத் திரும்பி வர்றதுக்கு."

"அப்ப ரிட்டர்னே வாங்கிக்க பாப்பா."

"குடும்பம் நடத்தப் போறேன்ம்மா. ரிட்டர்ன் வாங்கிட்டுப் போயி அவருகிட்ட காட்டவா?"

அவள் சிரித்தாள். நான் அரிசி களைவதுபோலக் குனிந்துகொண்டேன்.

‘வே அவுட்’ என்றால் வெளியே போகிற வழி. பள்ளிக்கூடத்தில் படித்த ‘எக்ஸிட்’ அங்கே இருக்காது, அதைத் தேடிக்கொண்டு நிற்காதே என்று மாப்பிள்ளை எழுதியிருந்தார். ‘ஈஸ்ட்பவுண்ட்’ என்றால் கிழக்கே போகிற வண்டி. பூமிக்கடியில் சூரியனைப் பார்க்க முடியாது, கிழக்கு எது என்று எப்படித் தெரியும் என்று நான் கேட்டேன். பலகையைப் பார்த்தால் போதும், சூரியனைப் பார்க்க வேண்டியதில்லை என்று மகள் சொன்னாள். கதவில் கவனம் என்கிற ‘மைண்ட் தி டோர்ஸ்’தான் என்னை மிகவும் உறுத்தியது. கதவு தானாகத் திறக்கும், தானாக மூடும், யாருக்காகவும் நிற்காது. எங்கள் ஊரில் ஒரு பொம்பளை மூட்டையோடு ஓடி வருவது தெரிந்தால் கார்டு கொடியை ஒரு நிமிஷம் தாழ்த்திப் பிடிப்பார். அங்கே கார்டுக்கு முகமே கிடையாதாம்.

எஸ்கலேட்டர் எங்கள் இருவருக்கும் பிடிபடவேயில்லை. படிக்கட்டு நகரும், நாம் சும்மா நிற்க வேண்டும், அதுவும் வலது பக்கமாக ஒதுங்கி நிற்க வேண்டும். என் வீட்டுக்காரர்தான் அதை எங்களுக்குப் புரிய வைத்தார். அவருக்குப் பத்தாம் வகுப்புப் படிப்பு. நிலத்தையும் ஒரு உரக்கடையையும் பார்த்துக்கொள்கிறார்.

"சர்க்கரை ஆலையில கரும்பு மேல ஏறிப் போவுமே, பாத்திருக்கியா? அந்த மாதிரி மனுசங்க ஏறிப் போறாங்க."

"அப்பறம்?" என்றாள் மகள்.

"அப்பறம் என்ன, சக்கைதான்."

அன்றைக்கு அவரும் சிரித்தார். ஆனால் டிக்கெட் வந்து, நாள் குறித்த பிறகு அவர் முகம் மாறிவிட்டது. ஒரு ராத்திரி சாப்பிட்டு முடித்துக் கை கழுவாமல் உட்கார்ந்திருந்தார்.

"இவ தனியா பஸ் ஏறி அரூருக்குப் போயிருக்காளா?" என்றார்.

இல்லை என்று தலையசைத்தேன்.

"பூமிக்கடியில போறவ, மொதல்ல பூமிக்கு மேல பொம்மிடி வரைக்கும் தனியாப் போயிட்டு வரட்டும். வந்துட்டான்னா அனுப்பறேன். இல்லைன்னா மாப்பிள்ளையே லீவு கெடைக்கறப்ப வந்து கூட்டிகிட்டுப் போகட்டும்."

மாப்பிள்ளைக்கு அடுத்த விடுப்பு இரண்டு வருஷம் கழித்துத்தான். கல்யாணமான பெண் இரண்டு வருஷம் தாய்வீட்டில் உட்கார்ந்திருந்தால் ஊர் என்ன பேசும், சம்பந்தி வீட்டார் என்ன நினைப்பார்கள் என்று அவருக்குத் தெரியாததல்ல. தெரிந்துதான் சொன்னார். மகள் தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். போகும்போது, "போயிட்டு வர்றேன்ப்பா, பொம்மிடிதான?" என்றாள்.

அவள் உள்ளே போன பிறகு அவர் என்னிடம் குரலைத் தாழ்த்தினார்.

"நீ கூடப் போ. ஆனா கூடப் போகாத."

"அப்பிடின்னா?"

"அதே வண்டியில லேடீஸ் பெட்டியில ஏறிக்க. அவ வேற பெட்டியில ஏறட்டும். பொம்மிடியில எறங்கினதும் மறைஞ்சு நின்னு பாரு. அவளா எறங்கி, அவளா டிக்கெட்டு வாங்கி, அவளா திரும்பி வர வண்டி ஏறணும். நீ போயி எறக்கிவுட்டா அது கணக்குல சேராது."

இப்படித்தான் நான் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய் நின்றேன்.

நான் வண்டியில் இருக்கிறேன் என்பது மகளுக்குத் தெரியும். மறைந்து நிற்பேன் என்பது தெரியாது. மொரப்பூரில் அவளே சீட்டு வாங்கினாள். ஆங்கிலத்தில் கேட்டுப் பார்க்க வேண்டும் என்று முன்பே பேசி வைத்திருந்தாள். "ஒன் சிங்கிள் டு பொம்மிடி, ப்ளீஸ்" என்று அவள் சொன்னது எனக்குக் கேட்டது. சீட்டுக் கொடுப்பவர் நிமிர்ந்து பார்த்து, "ஏம்மா, நல்லாத்தான இருந்த?" என்றார். நடுவில் ஒரு சின்ன நிலையம்தான். புட்டிரெட்டிப்பட்டியில் வண்டி நின்று கிளம்பியதும் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை, எழுந்து வாசலுக்குப் போய்விட்டேன். அவளுக்கு எப்படி இருந்ததோ.

பொம்மிடியில் வண்டி நின்றதும் நான் முதல் ஆளாக இறங்கி ஒளிந்துகொண்டேன். அவள் இருந்த பெட்டி எனக்கு நேராகவே நின்றது. ஜன்னலில் அவள் கை தெரிந்தது. பச்சை வளையல் போட்ட கை, கம்பியைப் பிடித்தபடி. வாசலில் ஒருவர் கடலை மூட்டையை இறக்கிக்கொண்டிருந்தார். அவர் நகரட்டும், வருவாள் என்று நினைத்தேன். அவர் நகர்ந்தார். இரண்டு கிழவர்கள் இறங்கினார்கள். ஒரு பெண் குழந்தையோடு ஏறினாள். அந்தக் கை அப்படியே இருந்தது. முகம் ஜன்னல் பக்கம் வந்து இப்படியும் அப்படியும் பார்த்தது. நான் இன்னும் உள்ளே நகர்ந்துகொண்டேன். இப்போது எழுந்திருப்பாள், இப்போது எழுந்திருப்பாள் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தேன். விசில் ஊதியது. நான் வெளியே ஓடி வருவதற்குள் பெட்டி நகர்ந்துவிட்டது.

கத்தினேன் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். பிளாட்ஃபாரத்தில் கூடை வைத்துக் கொய்யாப்பழம் விற்றுக்கொண்டிருந்த ஒரு பெண் பிறகு சொன்னாள். "வாயத் தொறந்தீங்க. சத்தமே வரல. காத்துதான் வந்துச்சு."

நிலைய அதிகாரியின் அறைக்குப் போனேன். அவர் ஒரு கையில் டெலிபோனும் மறு கையில் டீ டம்ளருமாக இருந்தார். விஷயத்தைச் சொன்னேன்.

"என்ன வயசும்மா?"

"பத்தொன்பதுங்க."

"பத்தொன்பதா? நான் ஏதோ கைக்குழந்தைன்னு பயந்துட்டேன். அடுத்த ஸ்டேஷன்ல இறங்கி வந்துடும்மா."

"அடுத்தது லோக்கூருங்களே."

லோக்கூர் காட்டுக்குள் இருக்கிற நிலையம். மலை, மரம், தண்டவாளம், நாலு ரயில்வே குடியிருப்பு. அவர் டம்ளரை வைத்துவிட்டு டெலிபோனின் கைப்பிடியைச் சுற்றினார். யாரோ எடுத்தார்கள். என்ன நிறச் சேலை என்று என்னிடம் கேட்டார். அரக்கு என்றேன். அரக்கு, பச்சை வளையல், ஒற்றைச் சடை என்று திருப்பிச் சொன்னார். அந்தப் பக்கத்துக்காரர் வேறு ஏதோ வண்டியைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார். நான் மேஜை ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"ஒரே வண்டியிலதான வந்தீங்க? ஏன் நீங்களே கூட்டிட்டு இறங்கலை?"

சொல்ல வேண்டியதாயிற்று. லண்டன், மாப்பிள்ளை, பூமிக்கடியில் ஓடுகிற ரயில், வீட்டுக்காரர் வைத்த பரீட்சை. அவர் காது கொடுத்துக் கேட்டார்.

"லண்டனுக்குப் போறதுக்குப் பொம்மிடியில இறங்கணும்னு யாருக்கும் தோணாதும்மா" என்றார். கேலியா, வருத்தமா என்று தெரியவில்லை. நான் அழுதுவிட்டேன். அவர் நாற்காலியை என் பக்கம் தள்ளினார்.

லோக்கூரிலிருந்து பதில் வந்தபோது வண்டி அங்கிருந்தும் போய்விட்டிருந்தது. விறகுக்கட்டுக்காரப் பெண்கள் இரண்டு பேர்தான் இறங்கினார்களாம். டேனிஷ்பேட்டைக்குக் கேட்டார். அங்கேயும் இல்லை. இனிச் சேலம்தான் என்றார். சேலத்துக்குச் சொல்லி வைப்பதாகச் சொன்னார். சேலம் ஜங்ஷனை நான் பார்த்திருக்கிறேன். எத்தனை பிளாட்ஃபாரம், எத்தனை வண்டி. கோயம்புத்தூருக்கு, ஈரோட்டுக்கு, மதுரைப் பக்கத்துக்கு. அந்தக் கூட்டத்தில் அரக்குச் சேலையை யார் தேடுவார்கள்?

"நான் சேலத்துக்குப் போறேங்க."

"எதுல போவீங்க? அடுத்த வண்டி சாயங்காலம்தான். பஸ்ல போனா பொண்ணு இந்தப் பக்கம் வரும், நீங்க அந்தப் பக்கம் போவீங்க. அப்புறம் ரெண்டு பேரைத் தேடணும். இங்கயே இருங்க. ஆறு மணிக்குச் சேலத்துல இருந்து பாசஞ்சர் வரும். அதுல வந்துடும்."

மாப்பிள்ளை இதற்கும் எழுதியிருந்தார். ஸ்டேஷனைத் தவறவிட்டால் பயப்படாதே, அடுத்ததில் இறங்கு, எதிர்ப் பக்கம் போய் நில், இரண்டு மூன்று நிமிடத்தில் திரும்புகிற வண்டி வரும். அந்த வாக்கியத்தை மகள் மாவு ஆட்டிக்கொண்டே ஒப்பித்துக் காட்டினாள். இங்கே இரண்டு மூன்று நிமிடத்தில் ஆட்டுக்குட்டிதான் வரும்.

வெளியே வந்து சிமெண்டுப் பெஞ்சில் உட்கார்ந்தேன். ஏன் இறங்கவில்லை என்பதையே திருப்பித் திருப்பி யோசித்தேன். பலகை பெரிதாக இருக்கிறது, தமிழிலும் ஆங்கிலத்திலும். அவளுக்கு ஊர் தெரியாமல் இல்லை. தூங்கவும் இல்லை, கையைத்தான் பார்த்தேனே. அப்போதுதான் எங்கள் வீட்டுப் பழக்கம் ஒன்று நினைவுக்கு வந்தது. எங்கே போனாலும் பெரியவர் ஒருவர் எழுந்து, "ம், எறங்குங்க" என்பார். அதுவரை யாரும் அசைய மாட்டோம். ஆடிப் பதினெட்டுக்கு ஒகேனக்கல் போகும்போது பஸ் நின்று, பாதிப் பேர் இறங்கி, மீன் வறுக்கிற வாசனை ஜன்னல் வழியாக வந்தாலும், வீட்டுக்காரர் வேட்டியை உதறிக்கொண்டு எழுகிற வரை நாங்கள் மடியில் கைவைத்து உட்கார்ந்திருப்போம். நானும் அப்படித்தான் வளர்ந்தேன், இவளும் அப்படித்தான். ஏறுவதற்கு, சீட்டு வாங்குவதற்கு, வழி கேட்பதற்கு எல்லாம் சொல் படித்தோம். ‘எழுந்திரு’ என்று தனக்குத் தானே சொல்லிக்கொள்வதற்கு எந்தக் கடிதத்திலும் சொல் இல்லை.

அவள் முகம் ஜன்னலில் இப்படியும் அப்படியும் பார்த்தது, என்னைத்தான் என்று புரிந்தது. அது புரிந்ததும் உட்கார முடியவில்லை.

கொய்யாக்காரப் பெண் கூடையை நகர்த்திக்கொண்டு என் பக்கத்துக்கு வந்துவிட்டாள்.

"பொண்ணுக்குக் கல்யாணம் ஆயிடுச்சுங்களா?"

"ஆயிடுச்சு."

"புடிச்ச கல்யாணமா?"

நான் அவளை முறைத்தேன். அவள் அசரவில்லை.

"கேக்கறனேன்னு கோவிச்சுக்காதீங்க. இந்தத் தடத்துல பதினஞ்சு வருசமா வண்டியப் பாக்கறேன். எறங்க மறந்தவங்க எல்லாம் மறந்தவங்க இல்ல."

"உன் வேலையப் பாரு."

"என் வேலை இதுதானுங்க. வண்டி வந்தா பழம், வராட்டிப் பேச்சு."

அவள் போட்ட விதை உள்ளே இறங்கிவிட்டது. இந்தக் கல்யாணம் உனக்குச் சம்மதமா என்று மகளைக் கேட்டோம். சரி என்றாள். அவ்வளவு தூரம் போகப் பிரியமா என்று தனியாக யாரும் கேட்டதில்லை. அந்தச் சொற்களை அவள் அவ்வளவு வேகமாகப் படித்தது ஆசையாலா, அல்லது பயத்தைக் காட்டிக்கொள்ளாமல் இருக்கவா? இறங்காவிட்டால் அப்பா அனுப்பமாட்டார் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தே உட்கார்ந்திருந்தாளா? அப்படியானால் ஒரு வார்த்தை என்னிடம் சொல்லியிருக்கலாமே. சேலத்தில் இறங்கி எங்கே போவாள்? அங்கே எங்களுக்குத் தெரிந்தவர்கள் ஒருவரும் இல்லை.

வெயில் தண்டவாளத்தை விட்டு மரத்துக்கு ஏறியது. சேலம் பக்கத்திலிருந்து வருகிற வண்டிக்கு மணி அடித்தது. ஓடிப்போய் நின்றேன். பாசஞ்சர் இல்லை, மெட்ராஸ் போகிற எக்ஸ்பிரஸ். அது பொம்மிடியில் நிற்காது. தூசியைக் கிளப்பிக்கொண்டு போயிற்று. ஒரு முகத்தையாவது பார்த்துவிடலாம் என்று ஜன்னல் ஜன்னலாகப் பார்த்ததில் கண் எரிந்ததுதான் மிச்சம்.

ஆறு மணிப் பாசஞ்சர் கொஞ்சம் தாமதமாக வந்தது. நான் முன் பெட்டியிலிருந்து பின் பெட்டி வரை நடந்தேன். ஒவ்வொரு ஜன்னலிலும் தலையை நீட்டிப் பார்த்தேன். லேடீஸ் பெட்டிக்குள் ஏறியே பார்த்தேன். ஒரு பாட்டி, "யாரம்மா தேடற?" என்றாள். பெயரைச் சொன்னேன். "இங்க அந்தப் பேருல யாரும் இல்லியே" என்று எனக்காக எல்லாரையும் கேட்டாள். விசில் ஊதியதும் இறங்கினேன். அந்த வண்டியும் போய்விட்டது.

நிலைய அதிகாரி வாசலுக்கு வந்து நின்றிருந்தார். இந்த முறை அவர் முகத்தில் கேலி இல்லை.

"சேலத்துல மைக்ல கூப்பிட்டுப் பார்த்தாங்களாம்மா. யாரும் வரலை. நான் ரயில்வே போலீசுக்குச் சொல்லிடறேன். பேரு, அப்பா பேரு, புருஷன் பேரு எல்லாம் கேட்பாங்க. ஆள் அனுப்பி வீட்டுல விசாரிப்பாங்க. சொல்லட்டுமா?"

போலீஸ் வீட்டுக்கு வந்தால் ஒரே ராத்திரியில் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும். சம்பந்தி வீட்டுக்கு மறுநாள் காலையில் தெரிந்துவிடும். புருஷன் ஊரில் இல்லாத நேரத்தில் பெண் சாயங்காலம் முழுக்கக் காணோம் என்றால் அவர்கள் என்ன செய்வார்கள் என்று என்னால் சொல்ல முடியாது. லண்டன் போகட்டும், கல்யாணமே நிற்குமா என்பதே தெரியாது. என் வீட்டுக்காரரைக் கேட்காமல் இப்படி ஒரு காரியத்தை நான் செய்ததில்லை. அவர் மொரப்பூரில் கடையில் இருக்கிறார். ஆறரைக்கெல்லாம் நாங்கள் திரும்பிவிடுவோம் என்று நினைத்து இந்நேரம் வாசலில் நின்றுகொண்டிருப்பார்.

"சொல்லுங்க" என்றேன்.

"யோசிச்சுத்தான் சொல்றீங்களா?"

"இருட்டுதுங்க. சொல்லுங்க."

அவர் உள்ளே போனார். நான் பெஞ்சுக்குத் திரும்பினேன். கொய்யாக்காரப் பெண் கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு புறப்பட்டவள், என்னைப் பார்த்துவிட்டு மறுபடி இறக்கி வைத்தாள். ஒரு பழத்தை எடுத்து என் மடியில் வைத்தாள்.

மொரப்பூர் பக்கத்திலிருந்து சேலம் போகிற சாயங்கால வண்டிக்கு மணி அடித்தது. நான் எழுந்திருக்கவில்லை. அது எங்கள் ஊரிலிருந்து வருகிற வண்டி. அவள் போனது சேலம் பக்கம். அந்த வண்டியில் வருவதானால் என் வீட்டுக்காரர்தான் வருவார். அவரிடம் என்ன சொல்வது என்று நினைத்தேன். மறைந்து நிற்கச் சொன்னீர்கள், நின்றேன். அதற்கு மேல் ஒரு வாக்கியமும் வரவில்லை. வண்டி நின்றது. விளக்கு இல்லாத பெட்டி ஒன்று என் முன்னால் நின்றது. இறங்குகிறவர்களின் கால்களை மட்டும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வேட்டி, வேட்டி, பள்ளிப் பையன்கள், மீண்டும் வேட்டி. பிறகு ஒரு அரக்குச் சேலை.

என் மகள் என் முன்னால் வந்து நின்றாள். தலை கலைந்திருந்தது. கையில் மூன்று சீட்டுகள் கசங்கியிருந்தன. நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன், விடவில்லை. நிலைய அதிகாரி வாசலுக்கு ஓடி வந்து பார்த்துவிட்டு, மறுபடி உள்ளே ஓடினார். "ஹலோ, வேண்டாம், வந்தாச்சு, வந்தாச்சு" என்று அவர் டெலிபோனில் சொல்வது கேட்டது.

"இந்தப் பக்கமிருந்து எப்பிடி வர்ற?" என்றேன். எனக்கு அதுதான் கேட்கத் தோன்றியது.

"சேலம் போயி, அங்க டிக்கெட் கலெக்டர்கிட்ட ஸ்டேஷன் தவறிப்போச்சுன்னு சொன்னேன். அவரு கூட வந்து மொரப்பூருக்குச் சீட்டு வாங்கவெச்சு, இது சீக்கிரம் போவும்னு எக்ஸ்பிரஸ்ல ஏத்திவுட்டாரு. அது இங்க நிக்கல. நீ தண்டவாளத்துக்குப் பக்கத்துல நின்னுகிட்டு இருந்த. நான் கத்தினேன், உனக்குக் கேக்கல. மொரப்பூர்ல எறங்கின ஒடனே மறுபடி சீட்டு வாங்கி இந்த வண்டியில ஏறிட்டேன். வூட்டுக்குக்கூடப் போகல."

"ஏன் பாப்பா எறங்கல? ஊரு தெரியாதா உனக்கு?"

அவள் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். கொய்யாக்காரப் பெண்ணும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

"ஊரு தெரியாம என்ன? பலகைய நல்லாத்தான் பாத்தேன். உன்னைத்தான் காணோம். நீ எறங்கலை, தூங்கிட்டியோ, மயக்கமோன்னு நெனச்சேன். உன்னை வண்டியில வுட்டுட்டு நான் மட்டும் எப்பிடி எறங்கறது? லோக்கூர்ல ஓடிப்போயி லேடீஸ் பெட்டியில தேடினேன், நீ இல்ல. அதுக்குள்ள வண்டி கெளம்பிடுச்சு." சீட்டுகளை மடியில் வைத்து நீவிவிட்டுக்கொண்டே சொன்னாள். "நீ அந்த வண்டியில ஏறாம இருந்திருந்தா, நான் இங்கயே எறங்கியிருப்பேன்ம்மா. அதை அப்பாகிட்ட நீதான் சொல்லணும்."